முகாமிலிருந்து வந்த ஆம்புலன்ஸ்

வேகா ஓந்தா
12 ஜூன் 2016

தம்பி அன்செல்மோ,

ஞானஸ்நானத்துக்கு நீ வரவில்லை. "தாய்மாமன் எங்கம்மா?" என்று சாமியார் இரண்டு தரம் கேட்டார். வேன் பழுதாகியிருக்கும் என்று சொல்லிவைத்தேன். கீழேயிருந்து ஆள் ஏற்றி வருகிற லாலோவின் வேன் கோயில் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. லாலோ அதன்மேல் சாய்ந்தபடி கோகா இலை மென்றுகொண்டிருந்தான். சாமியார் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிள்ளையின் தலையில் தண்ணீரை ஊற்றினார்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புவதற்குள் உன்னை முகாமிலிருந்து கீழே கம்பெனியின் குவேமெஸ் ஆலைக்கு மாற்றிவிட்டார்கள். நல்ல இடம் என்று லாலோவிடம் சொல்லியனுப்பினாய். நல்ல இடத்திலிருந்து அக்கா வீட்டுக்கு வழி கிடையாதா?

ஏப்ரலில் அன்று நடந்தது எனக்குத் துண்டுதுண்டாகத்தான் நினைவிருக்கிறது. நாற்பத்திரண்டு வயதில், உட்கார்ந்து எழுந்தால் முழங்கால் சொடக்கு விடுகிற காலத்தில், வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஊர்க்கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவள் நான். மேய்ச்சலில் தோமாசா கேலி செய்யாத நாள் இல்லை. அன்று உன் அத்தான் ஃபௌஸ்தினோ மந்தையோடு மலைமேல் இருந்தார். ரத்தம் நிற்கவில்லை. நர்ஸ் வயர்லெஸ்ஸில் லித்தியம் கம்பெனியின் முகாமைக் கூப்பிடுவது காதில் விழுந்தது. அப்புறம் ஆம்புலன்ஸ் கதவில் உன் முகம் தெரிந்தது. அப்புறம் சால்தா ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கூரை.

கண் விழித்த மூன்றாம் நாளோ என்னவோ, முகாம் தலைவர் பெர்தோல்தி தொட்டிலோடு வந்து நின்றார். கூட்டத்துக்குக் கூட்டம் நான் வாய்க்கு வந்தபடி ஏசிய அதே பெர்தோல்தி. "உங்களுக்கும் எங்களுக்கும் ஆயிரம் சண்டை இருக்கட்டும் செனோபியா அம்மா, கம்பெனி உங்களை அந்நியமா நினைக்கலை" என்றார். என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. ஃபௌஸ்தினோதான் அவரை ஞானத்தகப்பனாக இருக்கச் சொல்லிக் கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைக்கு அவர் பெயரையே வைத்தோம், அகுஸ்தோ என்று.

ஆக, என் பிள்ளைக்கு ஞானத்தகப்பன் என்பதால் இப்போது அவர் எனக்குக் கொம்பாத்ரே. அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் என்ன எடை என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். கொம்பாத்ரேயோடு மல்லுக்கு நின்றவர் வீட்டில் யார் கை நனைப்பார்கள்?

அடுத்த மாதம் கூட்டம். உப்புவெளியின் கிழக்கு ஓரத்தில் லித்தியத்துக்காகப் புதுக் கிணறுகள் போட ஊர் சம்மதம் கேட்கிறார்கள். நம் புல்வெளியும் ஊற்றும் அங்கேதான் இருக்கின்றன என்பது அவர்களுக்கும் தெரியும். கேட்க வேண்டிய கேள்வியைப் போன வருடமே யோசித்து வைத்துவிட்டேன். அதை அவர் முகத்தைப் பார்த்து எப்படிக் கேட்பது? அவர்களிடம் வேலை செய்கிறவன் நீ. நீயே சொல்.

நான் உனக்கு என்ன குறை வைத்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்.

உன் அக்கா
செனோபியா


குவேமெஸ்
25 ஜூன் 2016

அக்கா,

நீ ஒரு குறையும் வைக்கவில்லை.

லாலோவிடம் பிள்ளைக்கு ஒரு கம்பளிச் சட்டை கொடுத்தனுப்பியிருக்கிறேன். அளவு தெரியாமல் வாங்கினேன், பெரிதாக இருந்தால் வைத்துக்கொள். இங்கே குளிர்காலத்திலும் கொசு. ஆலையில் வெள்ளை மூட்டைகளை ஏற்றும் லாரிகளுக்கு நடுவே நாள் முழுக்க வண்டியைத் திருப்பித் திருப்பி நிறுத்துகிறேன். இது ஆம்புலன்ஸ் இல்லை, பொருள் ஏற்றுகிற வண்டி. நெலிடா நன்றாக இருக்கிறாள். மகளுக்குப் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறது.

வர வேண்டாம் என்று நினைத்து நான் வராமல் இருக்கவில்லை.

கூட்டத்தில் நீ எப்போதும் பேசுவதைப் போலப் பேசு. அவர் ஞானத்தகப்பன் ஆகிவிட்டார் என்பதற்காக நீ... இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கம்பெனிக்கு நீ கடமைப்பட்டவள் இல்லை. அவ்வளவு மட்டும் மனதில் வைத்துக்கொள். மற்றதை நேரில் சொல்கிறேன். எப்போது என்று கேட்காதே.

தம்பி
அன்செல்மோ


வேகா ஓந்தா
18 ஜூலை 2016

தம்பி,

கூட்டம் முடிந்தது. நான் பேசவில்லை.

எப்படி நடந்தது என்று யாரிடமாவது சொன்னால் பாரம் குறையுமா என்று பார்க்கிறேன். ஊரில் சொல்ல ஆளில்லை. எல்லோரும் நேரிலேயே பார்த்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில்தான் கூட்டம். பெர்தோல்தி முன்வரிசையில் உட்கார்ந்து, பிள்ளையை என்னிடமிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். வேஷம் என்று சொல்ல மாட்டேன், ஆசையாகத்தான் வாங்கினார். பிள்ளையும் அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்தான். சுவரில் படம் காட்டினார்கள். உப்புவெளியில் பாத்தி பாத்தியாகக் கட்டிய குளங்கள், ஒன்று பச்சை, ஒன்று நீலம். வெயிலில் காயக் காய நிறம் மாறுமாம். ஓர் இளவயது இன்ஜினியர் பெண் விளக்கினாள்.

"நாங்க கீழயிருந்து எடுக்கறது உப்புக்கரைசல்தாங்க. அது குடிக்கிற தண்ணியே இல்ல. உங்க ஊத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. யாரும் பயப்பட வேண்டாம்."

நான் எழ வேண்டிய இடம் அதுதான். அந்தக் கரைசலை உறிஞ்சி எடுத்தால் ஓரத்தில் இருக்கிற நல்ல தண்ணீர் அந்தப் பள்ளத்துக்கு இறங்காதா? இறங்காது என்றால் அதை எழுதிக் கொடுப்பீர்களா? இவ்வளவுதான் கேள்வி. தோமாசா முழங்கையால் விலாவில் இடித்தாள். "எந்திரி. கேளு." எழுந்தேன். மொத்தப் பள்ளிக்கூடமும் திரும்பியது.

பெர்தோல்தி பிள்ளையை மெல்ல ஆட்டியபடி, "சொல்லுங்க கொமாத்ரே" என்று உறவு சொல்லிக் கூப்பிட்டார்.

"புள்ளைக்குப் பசி வந்துருச்சு" என்றேன். பிள்ளையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளை அழவுமில்லை தம்பி. சிரித்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் கை தூக்கச் சொன்னார்கள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். தலைவி என்ற முறையில் கையெழுத்தைப் போட்டது நான்தான். வெளியே வந்ததும் தோமாசா சத்தம்கூடப் போடவில்லை.

"நீ வாயை மூடினதும் அத்தனை கையும் மேல போச்சு, பாத்தியா? உன் வாய்க்கு இவ்வளவு மரியாதை இருக்குன்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியுது. ஒரு தொட்டிலுக்குக் குடுத்துட்டியே அதை."

அவள் லாமாக்களும் என் லாமாக்களும் ஒரே ஊற்றில்தான் தண்ணீர் குடிக்கின்றன. மறுநாளிலிருந்து நான் மந்தையை ஓட்டிப் போகும்போது அவள் தன்னுடையதை விலக்கி ஓட்டிக்கொண்டு போகிறாள்.

இதெல்லாம் போதாதென்று கம்பெனி ஒரு காலண்டர் அடித்து வீட்டுக்கு வீடு கொடுத்திருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று ஆம்புலன்ஸுக்கு முன்னால் நிற்கவைத்து என்னையும் பிள்ளையையும் எடுத்த படம். கீழே 'வேகா ஓந்தாவின் உயிர் எங்கள் பொறுப்பு' என்று எழுதியிருக்கிறது. மாவு வாங்கப் போனேன், கடைச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறேன். மாவு வாங்காமல் திரும்பினேன்.

நான் கடமைப்பட்டவள் இல்லை என்று எழுதியிருந்தாய். உயிரைத் திருப்பித் தந்தவர்களிடம் கடமை இல்லையென்றால் வேறு யாரிடம்? நீ என்ன சொல்ல வந்தாய் என்று எனக்குப் புரியவில்லை.

செனோபியா


குவேமெஸ்
2 ஆகஸ்ட் 2016

அக்கா,

உன் கடிதத்தைப் படித்த பிறகு நேரில் சொல்லும் வரை காத்திருக்க எனக்கு மனமில்லை.

அந்த ஆம்புலன்ஸைக் கம்பெனி அனுப்பவில்லை.

நான் காவல் அறைக்கு வெளியே வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே வயர்லெஸ்ஸில் நர்ஸின் குரல். "செனோபியாவுக்கு ரத்தம் நிக்கல, வண்டி அனுப்புங்க." பெர்தோல்தி அங்கேதான் இருந்தார். "கொஞ்சம் பொறுங்க, பாக்கறோம்" என்று சொல்லிவிட்டுக் கருவியைக் கீழே வைத்தார். காவல்காரனிடம் திரும்பி, "துளை போடற வேலை நடக்குது. வேலை நடக்கறப்போ வண்டி முகாமை விட்டு வெளிய போகக் கூடாது. சால்தாவுல இருந்து வரவழைச்சுக்கச் சொல்லு" என்றார்.

"ஐயா, அது என் அக்கா" என்றேன்.

"தெரியும் அன்செல்மோ. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

கல்நெஞ்சோடு சொன்னதாகத் தோன்றவில்லை. என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். ஆனால் சால்தாவிலிருந்து வண்டி வந்து சேரும்போது நீ இருந்திருக்க மாட்டாய். சாவி என் பையில் இருந்தது. அவர் சொல்லித்தான் போகிறேன் என்று நினைத்து வாசலில் கம்பத்தைத் தூக்கிவிட்டான் இன்னொரு காவல்காரன். நான் நிறுத்தி அவனுக்கு ஒன்றும் விளக்கவில்லை.

நீ பிழைத்துவிட்டாய் என்று தெரிந்த பிறகு என்னைக் கூப்பிட்டார். இதைத்தான் உன்னிடம் சொல்ல முடியாமல் இத்தனை நாள் இருந்தேன். அவர் மிரட்டவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் பேசினார்.

"இதைத் திருட்டுன்னும் எழுதலாம், கம்பெனி செஞ்ச உதவின்னும் எழுதலாம். ஒரே வண்டி, ஒரே ரோடு. எதுன்னு நீயே சொல்லு."

உதவி என்று சொன்னேன் அக்கா. கொஞ்சமும் யோசிக்கவில்லை. அடுத்த வாரமே குவேமெஸ்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். அவர் தொட்டிலோடு உன்னிடம் வந்தது எல்லாம் அந்தப் பேச்சுக்கு அப்புறம்தான்.

ஒரு வார்த்தைதானே, அக்கா பிழைத்துவிட்டாள், யாருக்கு என்ன நஷ்டம் என்று இருந்தேன். அவர்தான் ஞானத்தகப்பன் என்று கேள்விப்பட்ட பிறகு அப்படி இருக்க முடியவில்லை. ஞானஸ்நானத்தன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் நிலையம் வரை வந்தேன். பஸ் வந்தது, ஏறினார்கள், போய்விட்டது. அவர் கையில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்க என்னால் ஆகாது என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்செல்மோ


வேகா ஓந்தா
9 ஆகஸ்ட் 2016

அன்செல்மோ,

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். ஃபௌஸ்தினோ பார்த்தால் நேரே முகாமுக்குப் போய்விடுவார்.

எனக்கு உயிர் கொடுத்தவன் நீ. சாகும் வரை மறக்க மாட்டேன். ஆனால் கூட்டத்துக்கு முன்னால் உன்னிடம் நான் யோசனை கேட்டு எழுதினேன். நீ கம்பளிச் சட்டை அனுப்பினாய். எனக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் அப்படி நின்றிருப்பேனா? வண்டி தராதவனுக்கு நன்றி சொல்ல ஊரின் தண்ணீரைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். என் பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன்.

இதை நான் சொன்னால் யார் நம்புவார்கள்? விலை போனவள் சாக்குச் சொல்கிறாள் என்பார்கள். தோமாசாவே சொல்வாள்.

நீ வந்து சொல். செப்டம்பர் முதல் ஞாயிறு கூட்டம். வர முடியாதென்றால் இனிமேல் எழுதாதே. உன் கடிதத்தை வாங்கக் கூடாது என்று லாலோவிடம் சொல்லிவிட்டேன்.

செனோபியா


குவேமெஸ்
21 ஆகஸ்ட் 2016

அக்கா,

லாலோ வாங்க மாட்டேன் என்றுதான் சொன்னான். அவன் வேனுக்கு டயர் மாற்றிக் கொடுத்து இதை வாங்கவைத்தேன். அவனைத் திட்டாதே.

நெலிடாவிடம் சொன்னேன். "உனக்கென்ன பைத்தியமா? வண்டியைத் திருடினவன்னு எழுதிட்டா அப்புறம் எவன் உன் கையில சாவி குடுப்பான்?" என்றாள். அவள் சொல்வதும் சரிதான். மகள் பள்ளிக்கூடம் போகிறாள்.

ஆனால் பயம் மட்டுமென்றால் வந்துவிடுவேன். வண்டியை எடுத்ததைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அதற்கப்புறம் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் சொன்ன வார்த்தையை எப்படிச் சொல்வது? ஊர் என்னை என்னவாக நினைத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். தோமாசா லாலோவிடம் சொல்லியனுப்பியிருந்தாள், "உங்க குடும்பத்துல நீ ஒருத்தன்தான் உருப்படியா ஒரு வேலை செஞ்சவன்" என்று.

வருவேனா என்று தெரியவில்லை. எழுதாதே என்றாய், எழுதிவிட்டேன்.

அன்செல்மோ


வேகா ஓந்தா
26 செப்டம்பர் 2016

தம்பி,

நீ வந்தாய். பேசி முடித்துத் தொப்பியை எடுத்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டாய். வாசல் வரை ஓடிவந்தேன். வேன் கிளப்பிய தூசிதான் இருந்தது. ஒரு வாய் சூப்புக்கூடக் குடிக்கவில்லை. அப்புறம் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

பெர்தோல்தி மறுப்பார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து, "அன்செல்மோ சொன்னது உண்மைதான்" என்றார். "அன்னிக்குத் துளை போடற மேடை மேல ஆளுங்க வேலை செஞ்சுக்கிட்டிருந்தாங்க. ஒருத்தன் விழுந்திருந்தா நான் என்ன பதில் சொல்றது? விதிப்படிதான் செஞ்சேன்."

"சரிங்கய்யா, விதிப்படி செஞ்சீங்க" என்றாள் தோமாசா. "தொட்டில் எந்த விதிப்படி?"

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். அவர் காது இரண்டும் சிவந்துபோயின. உட்கார்ந்துவிட்டார்.

நான் எழுந்தேன். இந்தத் தரம் பிள்ளை ஃபௌஸ்தினோவிடம் இருந்தான். "நான் விலை போகலை. ஆனா விலை போனவ மாதிரிதான் நின்னேன். ரெண்டுல எதுவா இருந்தாலும் உங்களுக்கு நஷ்டம் ஒண்ணுதான்" என்றேன். கேட்க வேண்டிய கேள்வியையும் கேட்டேன். அந்த இன்ஜினியர் பெண் பெர்தோல்தியைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள், "இன்னும் அளந்து பாக்கணும்" என்றாள். அளக்கவே இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதி மாகாண அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். கையெழுத்துப் போட்டபின் திரும்பப் பெற முடியுமா என்று அங்கே கேட்கிறார்களாம். பார்க்கலாம்.

தலைவி பதவியை விட்டுவிட்டேன். இரு என்று யாரும் சொல்லவில்லை. தோமாசாவைத் தேர்ந்தெடுத்தார்கள், நானும் கை தூக்கினேன்.

இப்போது அவள் மந்தையை விலக்கி ஓட்டுவதில்லை. ஆனால் நேற்று ஊற்றடியில் ஒன்று கேட்டாள்.

"அன்செல்மோ மறைச்சுட்டான், சரி. அவங்க நெசமாவே வண்டி அனுப்பியிருந்தா? அப்பவும் வாயை மூடிக்கிட்டுத்தானே இருந்திருப்ப?"

ஆமாம் என்பதுதான் பதில். அவளுக்கும் அது தெரியும். வண்டியை யார் அனுப்பினார் என்பது தெரிந்ததும் என் வெட்கம் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். தீரவில்லை. உன்மேல் இவ்வளவு கோபப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பெர்தோல்தி வீட்டுக்கு வந்தார். உள்ளே வராமல் முற்றத்துச் சுவரோரம் நின்றார். "பேரை மாத்தறதுன்னா மாத்திக்கங்க கொமாத்ரே. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

"சாமியார் ஊத்தின தண்ணியைத் திரும்ப எடுக்க முடியாது" என்றேன். "புள்ளையைப் பாக்கணும்னா வாங்க. கேமரா இல்லாம வாங்க."

பிள்ளையைத் தூக்கலாமா என்று கேட்டார். கொடுத்தேன். போர்வையை இழுத்து இழுத்துப் பிள்ளையை மூடினார். காற்று அப்படி அடித்தது.

பெயரைப் பற்றிக் கவலைப்படாதே. ஊரில் இப்போது ஒருவரும் அகுஸ்தோ என்று கூப்பிடுவதில்லை. தோமாசா ஆரம்பித்துவைத்தாள், எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைக்கு 'ஆம்புலன்ஸ்' என்று பெயர். "ஆம்புலன்ஸ் தூங்கிருச்சா?" "ஆம்புலன்ஸுக்குப் பல் முளைச்சுருச்சா?" ஃபௌஸ்தினோவுக்குக் கோபம் வருகிறது. எனக்குச் சிரிப்பு வருகிறது, அப்புறம் சிரிப்பு நின்றுவிடுகிறது.

உன்னை என்ன செய்தார்கள்? எழுது. லாலோ வாங்குவான்.

அக்கா


குவேமெஸ்
30 அக்டோபர் 2016

அக்கா,

வேலை போய்விட்டது. திருட்டு என்று எழுதவில்லை. அதிகாரமில்லாமல் வண்டியை எடுத்ததற்காக நீக்கம் என்று எழுதியிருக்கிறார்கள். அதுவும் உண்மைதான். யார் எழுதினார் என்று பார்த்தேன், பெர்தோல்தியின் கையெழுத்து இல்லை. அவரையும் மேலிடத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று ஆலையில் பேச்சு.

இப்போது சந்தைக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறேன். சாவி கொடுக்க ஒருவன் கிடைத்தான். நெலிடா பத்து நாள் பேசவில்லை, அப்புறம் தக்காளி அழுகியிருப்பதாகத் திட்டுவதற்காகப் பேசினாள், இப்போது பேசுகிறாள்.

கிழக்கு ஓரத்தில் வேலை நின்றிருக்கிறது என்று லாலோ சொன்னான். நிறுத்திவிட்டார்களா, தள்ளிவைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. மேற்கே பம்புகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றனவாம்.

கிறிஸ்துமஸுக்கு மூவரும் வருகிறோம். தோமாசாவிடம் முன்கூட்டியே சொல்லிவை, என்னைத் திட்டுவதாக இருந்தால் முதல் நாளே திட்டி முடித்துவிடட்டும்.

இன்னொன்று. போன வாரம் சாப்பிடும்போது மகள் கேட்டாள், "ஏம்ப்பா உன்னை வேலையை விட்டு எடுத்தாங்க?"

"ஆம்புலன்ஸ் ஓட்டினதுக்கு" என்றேன்.

"அதுதானே உன் வேலை?" என்று சிரித்தாள்.

அங்கேயே விட்டிருக்கலாம். நெலிடாவும் விடச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். ஆனால் மிச்சத்தையும் சொன்னேன். நாற்காலி போட்டு உட்காரவைத்ததை, அவர் கேட்டதை, நான் சொன்னதை, அதனால் நீ கூட்டத்தில் நின்ற நிலையை. அவள் சிரிப்பு போய்விட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். புதிதாக யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டதைப் போலப் பார்த்தாள்.

எழுந்து வெளியே போய்விடலாம் என்றிருந்தது. போகவில்லை அக்கா. அவள் பார்த்து முடிக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

உன் தம்பி
அன்செல்மோ